மூன்று சாதி, ஒரே டெம்ப்ளேட்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் நிறையப் படித்தவர்கள். நான் கடைக்காரன். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ், ஃப்ளெக்ஸ் டிசைன், பாஸ்போர்ட் போட்டோ. அதோடு ஸ்டேட்டஸ் வீடியோவும் எடிட் செய்து கொடுப்பேன். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் 30 நொடிக்கு 150 ரூபாய். "இணையத்தில் இளைஞர்கள் எதைப் பார்க்கிறார்கள்" என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சத்தை நானே செய்து கொடுத்திருக்கிறேன். இன்று அதைத்தான் சொல்ல வந்தேன். இது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை.

2023 ஜூன் 29 அன்று மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வெளியானது. என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். அப்பா 22 வருடம் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கூலி வாங்கப் போனாலும் நின்றுகொண்டுதான் வாங்குவார். சின்ன வயதில் நானும் கூடப் போய் நின்றிருக்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்கள் இருப்பீர்கள் என்பதால் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வடிவேலு நடித்த மாமன்னன் தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினர். ஃபகத் பாசில் நடித்த ரத்னவேலு அதே கட்சியின் ஆதிக்கச் சாதித் தலைவர். எம்.எல்.ஏ. ஆன பிறகும் மாமன்னன் ரத்னவேலு முன்னால் நின்றுகொண்டேதான் பேசுகிறார். மகன் அதிவீரன் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்கிறான். அங்கே வெடிக்கிறது படம்.

அந்தக் காட்சி வந்தபோது என் அப்பா எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடித்துவிட்டு, சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 27 அன்று படம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. எங்கள் தொழிலில் அந்தத் தேதி முக்கியம். தியேட்டரில் ஒரு படம் ஓடும்வரை எங்களுக்குக் கிடைப்பது டிரெய்லரும் பாட்டும்தான். ஓ.டி.டி.யில் வந்தால் படத்தின் எந்தத் துண்டையும் தெளிவாக வெட்டி எடுக்கலாம். இரண்டே நாளில் ஊர் முழுக்க ரத்னவேலு. ஃபகத் பாசில் நடந்து வருவது, முறைப்பது, மீசையைத் தடவுவது, காரிலிருந்து இறங்குவது என எல்லாவற்றுக்கும் பின்னால் வேறொரு படத்தின் சாதிப் பெருமைப் பாட்டு. கீழே ஒரு கொடி, ஒரு சாதிப் பெயர்.

படத்தின் வில்லன் அவன். பந்தயத்தில் தோற்றுப்போன தன் நாயையே அடித்துக் கொல்கிறவன். கோயில் நீரில் குளித்ததற்காகச் சிறுவர்களைக் கல்லால் அடித்துக் கொன்ற கொடுமைதான் படத்தின் அடிவேரே. இப்படிப்பட்ட கதையின் வில்லனை எடுத்து "எங்க ஆளு" என்று கொண்டாடினார்கள். பத்திரிகைகளில்கூட இது செய்தியானது.

அந்த வாரம் என் கடைக்கு ஒரு தம்பி வந்து ரத்னவேலு எடிட் கேட்டான். செய்தேன். அடுத்த நாள் வேறொரு தெருவிலிருந்து, வேறொரு சாதியிலிருந்து இன்னொருவன் வந்தான். அவனுக்கும் அதே ரத்னவேலுதான் வேண்டும். அதன் பிறகு மூன்றாவது ஆள். அவன் மூன்றாவது சாதி. எந்தெந்தச் சாதி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நம் பேச்சு "எந்தச் சாதி மோசம்" என்ற இடத்துக்குப் போய்விடும்.

எடிட்டில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. செங்கல் அச்சு மாதிரி. காட்சிகளை வெட்டி, பாட்டின் அடிக்குத் தகுந்தபடி ஒட்டி ஒருமுறை சேமித்துவிட்டால் போதும். அடுத்த ஆளுக்குப் பெயரையும் கலரையும் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் வீடியோ தயார். மூன்று பேருக்கும் நான் கொடுத்தது ஒரே டெம்ப்ளேட். கொடியின் நிறத்தை மாற்றினேன், பாட்டை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன். ரத்னவேலு மாறவே இல்லை. மூன்று பேரும் "அண்ணா, நம்ம ஆளு மாஸ்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த மூன்று சாதிக்காரர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்க மாட்டார்கள். மூவருமே தங்கள் சாதிதான் மற்ற இரண்டுக்கும் மேலே என்று நினைப்பவர்கள். அப்படியிருந்தும் கற்பனையான ஒரு கதாபாத்திரத்தை மூவரும் சொந்த ரத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் ரத்னவேலு என்ன சாதி என்று படம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் காட்டுகிறது. எதிரே ஒருவரை நிற்க வைக்கிறான். மூன்று பேரும் அடையாளம் கண்டுகொண்டது அந்தச் செய்கையைத்தான்.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் உண்டு. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து ஏணியை உடைப்பதில்லை. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். என் செல்போன் திரையில் 28 நொடி வீடியோவாக அதைப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. ஆண்ட பரம்பரை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளும் பெருமைக்குத் தனி வரலாறு ஒன்றும் கிடையாது. கலரை மாற்றினால் அடுத்தவனுக்கும் அப்படியே பொருந்துகிற பெருமை அது.

இதுவரை சொன்னதில் நான் கெட்டிக்காரன் மாதிரி தெரியும். இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த டெம்ப்ளேட்டை உருவாக்கும்போது ரத்னவேலுவும் மாமன்னனும் ஒரே பிரேமில் இருக்கும் காட்சி வந்தது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், ஒருவர் நிற்கிறார். எடிட்டுக்கு வேண்டியது உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான். வடிவேலு முகம் வந்தால் 'மாஸ்' போய்விடும். பார்க்கிறவனுக்கு மனம் கலங்கிவிடும். அதனால் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி வடிவேலுவை ஓரத்துக்குத் தள்ளினேன். அப்படியும் கொஞ்சம் தெரிந்தது. அந்த நான்கு நொடியை வெட்டிவிட்டேன்.

தியேட்டரில் என் அப்பா எந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் எழுந்து போனாரோ, அந்தக் காட்சியிலிருந்துதான் நான் வடிவேலுவை வெட்டினேன். 150 ரூபாய்க்காக. மூன்று பேருக்கும் சேர்த்து 450 ரூபாய். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தொழில் என்று நினைத்தேன்.

இப்படி வெட்டி எடுத்துக்கொள்வது ரீல்ஸோடு பிறந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1992இல் 'தேவர் மகன்' வந்தது. படம் முடியும்போது வன்முறை வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறது. ஊர் எடுத்துக்கொண்டது எதை? பாட்டை. கேசட் காலத்தில் அந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துத் திருவிழாவிலும் ஊர்வலத்திலும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். முடிவில் வரும் புத்திமதியை யாரும் ஒலிபெருக்கியில் போடவில்லை. அந்தப் படத்தில் கையை இழக்கும் இசக்கியாக நடித்தவரும் வடிவேலுதான். அந்த இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் தன் பட இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே பேசினார். 31 வருடம் கழித்து இசக்கி படத்தின் நாயகனாக வந்தார். என்னைப் போன்றவர்கள் எடிட்டில் அவரை மறுபடியும் ஓரத்துக்குத் தள்ளினோம்.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்று ஒரு மௌனப் படம் வந்தது. கறுப்பின மக்களை மிருகங்களாகவும், அவர்களைக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாகவும் காட்டிய படம். வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். அழிந்துபோயிருந்த கிளான் அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலைமேல் மறுபடியும் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு சிலுவையை எரித்தார்கள். சிலுவையை எரிப்பது பழைய கிளானின் வழக்கமே இல்லை. ஒரு நாவலிலிருந்து அந்தப் படத்துக்கு வந்து, படத்திலிருந்து நிஜத்துக்கு வந்தது. பொழுதுபோக்குக்காக எடுத்த ஒரு காட்சி பல பத்தாண்டுகள் கறுப்பின மக்களை மிரட்டும் சடங்காக நின்றது. "சினிமாதானே" என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

அது இனவெறியை ஆதரித்து எடுத்த படம். எதிர்த்து எடுத்தாலும் தப்பிக்க முடிவதில்லை. 2000இல் மேரி ஹாரன் என்ற பெண் இயக்குநர் 'அமெரிக்கன் சைக்கோ' எடுத்தார். வால் ஸ்ட்ரீட் பணக்கார ஆண்களின் திமிரைக் கிண்டல் செய்த படம். அதன் கொலைகார நாயகனை இன்று உலகம் முழுக்கப் பையன்கள் எடிட் போட்டுக் கொண்டாடுகிறார்கள். ரத்னவேலுவுக்கு நடந்ததும் இதுவே.

ஏன் இப்படி ஆகிறது? எடிட் செய்கிறவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. பெயர் மாறினாலும் வடிவம் அதேதான்: 15 நொடி, 30 நொடி. திமிர் 30 நொடிக்குள் அடங்கும். ஒருவன் நடந்து வந்தால் போதும், பார்க்கிறவனுக்குச் சிலிர்க்கும். அவமானம் 30 நொடிக்குள் அடங்காது. ஒரு மனிதர் ஏன் நிற்கிறார், எத்தனை வருடமாக நிற்கிறார், உட்காரச் சொன்னால் ஏன் அவருக்குக் கால் நடுங்குகிறது என்பதற்கெல்லாம் ஒரு முழுப் படமே தேவைப்படுகிறது. இந்த வடிவமே ஆதிக்கம் செய்கிறவனுக்குச் சாதகமாக இருக்கிறது.

நம் இயக்குநர்களுக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. 'மாமன்னன்' மேல் நான் பழி போடவில்லை. அந்தப் படம் என் அப்பாவுக்காக எடுத்த படம். ஆனால் வில்லனை எந்தக் கோணத்தில் காட்டுகிறோம், அவன் நடந்து வரும்போது எந்த இசையைப் போடுகிறோம் என்று யோசிக்கும்போது, நாளைக்கு அதை வெட்டி எடுக்கப் போகிற என்னைப் போன்ற ஒரு கடைக்காரனையும் அவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தோழமையோடுதான் சொல்கிறேன்.

வெட்டுவது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் பரவியது. எழுதியவர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டைப் படம் வெளியிட்டபோது அதில் அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் முதல் சாதாரண ரசிகர்கள் வரை கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அறிவின் படத்தோடு ஓர் அட்டை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்காது.

கடைக் கதைக்குத் திரும்பி வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ரத்னவேலு எடிட்டுகள் பரவிக்கொண்டிருந்த அதே நாட்கள். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சாதி வெறி ரீல்ஸுக்கு முன்னாலும் வெட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கடையில் உட்கார்ந்து படித்தபோது என் போனில் அந்த டெம்ப்ளேட் இருந்தது. வெட்டியவர்களும் பள்ளிப் பையன்கள், என்னிடம் எடிட் வாங்கியவர்களும் அந்த வயதுப் பையன்கள். அன்றைக்கே அழித்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து இன்னொரு தம்பி வந்தான். பதினொன்றாம் வகுப்பு. கையில் கலர் கயிறு.

"அண்ணா, அந்த ரத்னவேலு எடிட் நம்ம கொடி வச்சுப் போட்டுத் தாங்கண்ணா."

"அது போடறதில்ல தம்பி."

"போன வாரம் போட்டீங்களேண்ணா?"

"இப்ப போடறதில்ல. நீ படம் பாத்தியா?"

"இல்லண்ணா. ரீல்ஸ்லதான் பாத்தேன்."

அவன் படமே பார்க்கவில்லை, தோழர்களே. அவனுக்குத் தெரிந்த ரத்னவேலு, என்னைப் போன்றவர்கள் வெட்டிக் கொடுத்த ரத்னவேலு. உட்காரச் சொல்லி என் போனிலேயே படத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். நாயை அடிக்கும் காட்சி வந்தது. "நாய ஏண்ணா அடிக்கிறான்?" என்று கேட்டான். "தோத்துருச்சு, அதான்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. நாற்காலிக் காட்சி வருவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டான். வாசலில் நின்று திரும்பி, "அண்ணா, நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக நான் ஊர்ப் பெயரைச் சொல்லி மழுப்பிவிடுவேன். கடை வைத்திருக்கும் இடம் அப்படி. அன்றைக்கு, "நான் வடிவேலு ஆளு தம்பி" என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். பிறகு புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

அவன் திருந்திவிட்டான் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இரண்டு நாள் கழித்து அவன் ஸ்டேட்டஸில் ரத்னவேலு இருந்தான். வேறு கடையில் போட்டிருக்கிறான். விஷயம் பரவி, கடைக்கு வருவதைச் சிலர் நிறுத்தியும்விட்டார்கள். அவன் மட்டும் இன்றைக்கும் ரீசார்ஜுக்கு வருகிறான். ஏன் வருகிறான் என்று எனக்குத் தெரியாது. வந்தால் பேசுகிறேன்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு, சைக்கிளில் சாதிக் கலர் எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்கச் சொன்னது. இவற்றை நிறைவேற்று என்று நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் கயிறைப் பள்ளி வாசலில் அவிழ்க்கலாம், ஸ்டேட்டஸை அவிழ்க்க முடியாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரில் அந்த வால் இன்று இல்லை. நம் பெரியவர்கள் வாங்கித் தந்த வெற்றி அது. அறுத்த வால் இப்போது இன்ஸ்டாகிராம் ஐ.டி.யில் முளைத்திருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் வெறும் பெயர், இன்ஸ்டாவில் பெயரோடு சாதி.

சட்டமும் இருக்கிறது. பட்டியலின மக்கள்மேல் பகையைத் தூண்டும்படி பேசுவதும் எழுதுவதும் மட்டுமல்ல, படமாகக் காட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெறும் பெருமை எடிட்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். நம்மை இழிவுபடுத்தி, மிரட்டி வரும் வீடியோக்களைக் கடந்துபோகாதீர்கள். ஸ்கிரீன் ரெக்கார்டு எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள்.

அதற்கு மேல் என்னிடம் இருப்பவை இரண்டு சின்ன வேண்டுகோள்கள்தான். ஒன்று, ஊர் ஊராக வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒருமுறை ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புப் பையன்களை, நம் தெருப் பையன்களை மட்டுமல்ல, வர விரும்பும் எல்லாத் தெருப் பையன்களையும் உட்கார வைத்து ஒரு படத்தை முழுசாகப் போட்டுக் காட்டுவோம். முழுப் படம். நடுவில் வெட்டாமல். மாமன்னன் பேரவைத் தலைவர் ஆகி அவைக்குள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கும் அந்தக் கடைசிக் காட்சிவரை.

இரண்டாவது, எடிட் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு. இங்கேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். காசுக்காக நான் வெட்டிய மாதிரி வெட்டாதீர்கள். நிற்கிறவரையும் பிரேமில் வையுங்கள். நான் அந்த நான்கு நொடியைத் திரும்பச் சேர்த்து ஒரு வீடியோ செய்தேன். பாட்டு இல்லை, கொடி இல்லை. உட்கார்ந்திருக்கிற ரத்னவேலு, நிற்கிற மாமன்னன். என் சொந்த ஸ்டேட்டஸில் வைத்தேன். பெரிதாக யாரும் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். அவருக்கு டச் போன் பழக்கமில்லை, தங்கச்சி மகள்தான் காட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் கடைக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். என் கடையிலேயே நின்றுகொண்டுதான் பேசுவார், அத்தனை வருடப் பழக்கம். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீ சொல்றா" என்றார்.

சொன்னேன்.